சியெனாவில் பச்சைக்கொடி

ஜூன் 28: கமோல்லியா வாசல்

ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ரயில் நிலையம் பள்ளத்தாக்கின் அடியிலும் ஊர் மலையின் மேலும் இருப்பதால், இறங்கியவர்கள் எதிரிலுள்ள வணிக வளாகத்துக்குள் புகுந்து, ஒன்றை அடுத்து ஒன்றாக அமைத்திருக்கும் நகரும் படிக்கட்டுகளில் ஏறிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பாலியோ என்னும் குதிரைப் பந்தயத்தைப் பார்க்க வந்த நாங்கள் மேலே வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. வெயில் 35 டிகிரியைத் தொட்டிருந்தது. பொலோன்யாவில் மேற்படிப்புப் படிக்கும் என் அக்கா மகன் உடன் வந்திருந்தான். இத்தாலிய மொழி அவனுக்கு நன்றாக வரும் என்பதால், இந்தக் குறிப்புகளில் பிறர் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் அவன் எனக்குத் தமிழில் சொன்னவையே.

ஊரின் வடக்கு எல்லையான கமோல்லியா வாசலின் மேல் லத்தீனில் ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கிறது. இந்த வாசலைவிடப் பெரிதாகச் சியெனா உனக்குத் தன் நெஞ்சைத் திறக்கிறாள் என்பது அதன் பொருள். அதைப் படித்துவிட்டு உள்ளே நுழைந்தவர்கள், கல் பாவிய தெருவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். பெட்டியின் சக்கரங்கள் கல்லிடுக்குகளில் விழுந்து எழும்பும் கடகடவென்ற ஓசை, இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் செங்கல் வீடுகளில் மோதி இரண்டு மடங்காகக் கேட்டது. அன்றைக்கு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நடக்க நடக்கத் தெருவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் விளக்குத் தூண்களிலும் கொடிகளிலும் முள்ளம்பன்றி இருந்தது. சற்றுத் தள்ளி அது மறைந்து வேறொரு விலங்கு வேறு நிறங்களோடு தோன்றியது. சியெனா 17 கொன்ட்ராடாக்களாகப் பிரிந்து வாழும் ஊர். கொன்ட்ராடா என்பதைப் பேட்டை என்று சொல்லிப் பார்த்தேன்; அது போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோயில், தனி அருங்காட்சியகம், தனிக் கொடி, தான் ஜெயித்த பந்தயங்களின் பட்டியல், பரம்பரைப் பகையாளி எல்லாம் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தேவாலயத்தில் நடக்கும் ஞானஸ்நானம் தவிர, கொன்ட்ராடாவின் நீரூற்றில் இன்னொரு ஞானஸ்நானமும் நடக்கிறது. எந்தத் தெரு யாருக்குரியது என்ற எல்லைகளை 1729ஆம் ஆண்டில் பவேரியாவின் வியோலாந்தே இளவரசி, இங்கே ஆளுநராக இருந்தபோது, ஆணையிட்டு வரையறுத்தார். அந்த எல்லைகளே இன்றும் நிற்கின்றன.

எங்களுக்கு அறை கிடைத்தது ஓந்தா என்ற கொன்ட்ராடாவில், நகர மாளிகையின் பின்புறமாகச் சரிந்து இறங்கும் ஜொவான்னி டுப்ரே தெருவில். ஓந்தா என்றால் அலை. சின்னம் டால்பின், நிறம் வெள்ளையும் வான்நீலமும். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். பந்தய நாட்களுக்கான வாடகை இரவுக்கு 150 யூரோ என்று முன்பே எழுதியிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, மற்ற நாளில் இதில் பாதிதான் வாங்குவேன் என்று தாமாகவே சொன்னார். ஒளிக்காமல் சொன்னதால் எனக்கு அந்தத் தொகை உறுத்தவில்லை.

மாலையில் காம்போ சதுக்கத்துக்குப் போனோம். சிப்பியைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்ததுபோல நடுவில் தாழ்ந்து, செங்கல்லில் ஒன்பது பிரிவுகளாக விரியும் தரை அது. 1287 முதல் 1355 வரை இந்த நகரத்தை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியை அந்த ஒன்பது பிரிவுகளும் நினைவூட்டுகின்றன. அந்தச் சிப்பியின் விளிம்பைச் சுற்றி, கல் தரையே தெரியாதபடி மஞ்சள் கலந்த பழுப்பு மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, உருளையால் அழுத்தியிருந்தார்கள். டூஃபோ என்று அழைக்கப்படும் அந்த மண்ணின் மேல்தான் பாலியோ ஜூலை 2 அன்றும் ஆகஸ்ட் 16 அன்றும் நடக்கிறது. சதுக்கத்தில் மண் வந்துவிட்டது என்பது இவ்வூரில் பண்டிகை வந்துவிட்டது என்பதற்கு இன்னொரு பெயர். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், கோட்டும் டையும் அணிந்தவர், குனிந்து அந்த மண்ணை இரண்டு விரல்களால் தொட்டுவிட்டுப் போனார். புழுதியும் ஈரமும் கலந்த, கோடை மழையின் முதல் துளி விழுந்ததுபோன்ற வாசனை அங்கே இருந்தது.

ஜூன் 29: குலுக்கலும் ஒரு தவறும்

காலையில் ஒரு சிறு தொப்பை விழுந்த ரொட்டித்துண்டைப் போன்ற சியாச்சினோவை, உள்ளே பாலாடைக்கட்டி வைத்தது, மூன்றரை யூரோவுக்கு வாங்கினோம். காபி நின்றுகொண்டு குடித்தால் 1 யூரோ 40. காம்போவில் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் 4 யூரோ. நின்றே குடித்தோம்.

பந்தயத்தில் ஓடுவது 17 அல்ல, 10 கொன்ட்ராடாக்கள் மட்டுமே. சென்ற ஆண்டின் அதே பந்தயத்தில் ஓடாத ஏழும் உரிமையால் இடம் பெறுகின்றன. எஞ்சிய மூன்று இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. குதிரை எதுவும் கொன்ட்ராடாவின் சொத்தல்ல. பல குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்து, தலைவர்கள் பத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தக் குதிரை யாருக்கு என்பதை நகர மாளிகையின் முன்னே பகிரங்கமாகச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். வல்லமையுள்ள குதிரைகளும் சோம்பலான குதிரைகளும் கலந்தே இருக்கும். இரண்டும் விதியின் கையில்.

நண்பகல் வெயிலில் சில ஆயிரம் பேர் நின்றுகொண்டிருந்த அந்தச் சதுக்கத்தில், ஒரு எண்ணும் ஒரு கொன்ட்ராடாவின் பெயரும் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும், கூட்டத்தின் ஒரு மூலை மட்டும் வெடித்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இன்னொரு பெயர் வந்தபோது யாரும் கத்தவில்லை. சிலர் வந்து, தங்களுக்குக் கிடைத்த குதிரையின் கயிற்றைப் பிடித்து, தலை குனியாமல், பேசாமல் நடந்து போனார்கள். அந்த மௌனம்தான் இந்த ஊரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம். ஓந்தாவின் ஆட்கள் பாட்டோடு திரும்பினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அவர்கள் தள்ளவில்லை. ஆனால் எங்களுக்காகப் பாடவும் இல்லை. கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற எங்களைத் தெருச்சுவரைக் கடப்பதுபோலக் கடந்து போனார்கள்.

அன்று மாலை நான் ஒரு தவறு செய்தேன். நினைவுப் பொருள் கடையொன்றில் 12 யூரோவுக்குப் பட்டுபோன்ற கழுத்துத்துணிகள் தொங்கின. அவற்றுள் ஒன்றில் முதுகில் கோபுரம் சுமந்த யானை இருந்தது. இத்தாலியில் யானையைக் கண்டதும் எனக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, டுப்ரே தெருவுக்குத் திரும்பினேன். பாதித் தெரு வந்திருப்போம். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, என் கையைத் தொட்டு, அந்தத் துணியைக் காட்டி, மெதுவான குரலில் ஏதோ சொன்னார்.

"மாமா, அது தோர்ரே கொன்ட்ராடாவோட சின்னமாம். இவங்களுக்குப் பகையாளி. உங்க மேல கோபமில்லை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஆனா குதிரை இந்தத் தெருவுலதான் இருக்கு, தயவுசெய்து பையில வச்சுக்கங்கன்னு சொல்றார்."

உடனே எடுத்து மடித்து உள்ளே வைத்தேன். அவர் வலது கையை மார்பில் வைத்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கார அம்மாளிடம் நடந்ததைச் சொன்னபோது, ஓந்தாவின் துணியையும் நான் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, அது அந்தக் கொன்ட்ராடாவில் பிறந்தவர்களும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களும் அணிவது என்று விளக்கினார். அவருடைய மகளின் கணவர் தோர்ரேயைச் சேர்ந்தவர். பாலியோவின் நான்கு நாளும் அவர் தம் தாயார் வீட்டுக்குப் போய்விடுவார். மகள் இங்கே வந்துவிடுவாள். பந்தயம் முடிந்ததும் இருவரும் தம் வீட்டுக்குத் திரும்புவார்கள். முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் என்று, பால் வாங்கி வருவதைப் பற்றிப் பேசுவதுபோல, அவர் சொன்னார்.

ஜூன் 30: தொழுவத்துத் தெரு

எங்கள் தெருவில் இன்று எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். குதிரை வந்திருக்கும் தொழுவத்தின் வாசலில் ஓர் ஆள் இரவும் பகலும் இருக்கிறார். பார்பரெஸ்கோ என்று அவருக்குப் பெயர். குதிரைக்குத் தீனி வைப்பதும் குளிப்பாட்டுவதும் அதன் பக்கத்திலேயே படுத்துறங்குவதும் அவர் பொறுப்பு. பிற கொன்ட்ராடாவினர் எவரும் அதை நெருங்கிவிடாமல் காப்பதும் அவர் பொறுப்பே. காய்கறிப் பையோடு வந்த பெண்கள், அந்த வாசலை நெருங்கியதும் செருப்போசை கேட்காதபடி நடந்ததைக் கண்டேன். சிறுவன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவன், அங்கே வந்ததும் பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

வெயில் தாழும்வரை தலைமைத் தேவாலயத்தில் இருந்தோம். அதன் தரை முழுவதும் 56 பளிங்குச் சித்திரங்கள். வெவ்வேறு நிறக் கற்களை வெட்டிப் பதித்தும், வெள்ளைக் கல்லில் கோடுகளைக் கீறிக் கருப்பை நிரப்பியும் செய்தவை. ஆண்டின் பெரும்பகுதி காலடியில் தேயாதபடி மூடி வைத்திருப்பார்கள்; நாங்கள் போன சமயம் திறந்திருந்தது எங்கள் நல்வினை. தேவாலயத்துக்கு வெளியே கூரையில்லாமல் ஒரு பெருஞ்சுவர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. 1339ஆம் ஆண்டில் சியெனாக்காரர்கள், இருக்கும் தேவாலயத்தையே குறுக்குக் கூடமாக்கி அதைவிட மாபெரும் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய் ஊரின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. கட்டடம் அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு யாரும் அதை முடிக்கவுமில்லை, இடிக்கவுமில்லை. அந்தச் சுவரின் நிழலில் இன்று கார்கள் நிற்கின்றன.

மாலையில் வீட்டுக்கார அம்மாள் சமையலறைக்கு அழைத்து, பீச்சி செய்யக் காட்டினார். மாவும் தண்ணீரும் சிறிது எண்ணெயும்தான். பிசைந்த மாவைக் கீற்றாக வெட்டி, பலகையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் விளக்குத் திரி திரிப்பதுபோல உருட்டி நீட்டுகிறார். சேமியாவைவிடப் பல மடங்கு தடிமனாக, சணல் கயிறுபோல இருக்கும் அதை வேகவைத்து, அல்யோனே என்ற பெரிய பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்பில் புரட்டிப் பரிமாறினார். நான் புலால் உண்பதில்லை என்றதும், இது ஏழைகளின் உணவு, இதில் இறைச்சி எங்கிருந்து வரும் என்று கேட்டார். அவ்வளவு சுவையான உணவைப் பயணம் முழுவதும் நான் வேறெங்கும் உண்ணவில்லை. ரொட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. டஸ்கனி முழுவதும் ரொட்டியை உப்பில்லாமல் சுடுகிறார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் நாள் அது பெரும் சோதனை. குழம்பின் மிச்சத்தை வழித்து உண்ணும்போதுதான் அதன் நியாயம் விளங்கியது: உப்பு குழம்பில் இருக்கிறது, ரொட்டி வெறும் ஏந்தி.

பேச்சிலும் ஒரு வியப்பு இருந்தது. நாம் "மகன்" என்று எழுதி இடையிலுள்ள ககரத்தை மென்மையாக்கி ஹகரம்போல ஒலிப்பதைப்போல, இவர்களும் உயிரொலிகளுக்கு நடுவே வரும் ககரத்தை மூச்சாக ஆக்கிவிடுகிறார்கள். "லா காஸா" என்று புத்தகத்தில் இருக்கும் வீடு, இந்த அம்மாளின் வாயில் "லா ஹாஸா" ஆகிறது. ரோமில் இப்படிப் பேசுவதில்லை என்று என் மருமகன் சொன்னான்.

ஜூலை 1: ஒத்திகையும் விருந்தும்

நகரத்தின் நடுவே இருக்கும் ப்ரொவென்ஸானோ தேவாலயத்தில் உள்ள மாதாவின் பெயரால்தான் ஜூலைப் பந்தயம் நடக்கிறது. 1656ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வெற்றி பெறுகிறவர்களுக்குக் கிடைப்பது பணமல்ல. ஓவியம் தீட்டிய ஒரு பட்டுத்துணி. ஒவ்வொரு பந்தயத்துக்கும் வேறொரு ஓவியர் அதைத் தீட்டுகிறார். ட்ரப்பெல்லோனே என்பது அதன் மதிப்பான பெயர். ஊரார் அன்பாகச் சென்ச்சோ, அதாவது கந்தல் என்கிறார்கள். அதை மாலையில் தேவாலயத்துக்கு எடுத்து வந்தபோது, ஒவ்வொரு கொன்ட்ராடாவும் தன் கொடியோடும் முரசோடும் பின்னால் வந்தது. கோயில் படிகளில் அழுதுகொண்டிருந்த பாட்டிகளை நான் எண்ணவில்லை, பலர் இருந்தார்கள்.

காம்போவில் ஐந்தாம் ஒத்திகை எட்டு மணிக்குச் சற்று முன்பு நடந்தது. நகர மாளிகையின் முன்னே அமைத்த மரப்படிகளில் கொன்ட்ராடாச் சிறுவர்களும் சிறுமிகளும் வரிசையாக உட்கார்ந்து, பகையாளியைப் பார்த்துப் பாட்டால் ஏசிக்கொண்டிருந்தார்கள். வெடி அதிர்ந்ததும் குதிரைகள் வந்தன. சேணம் கிடையாது, வெறும் முதுகில்தான் சவாரி. பந்தய நாளிலும் அப்படியே. மூன்று சுற்று, ஏறத்தாழ 1,000 மீட்டர், ஒன்றேகால் நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வீரன் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் அந்தக் கொன்ட்ராடா வென்றதாகவே கணக்கு. வெல்வது குதிரை, மனிதனல்ல.

சான் மார்த்தினோ என்னும் வளைவில் தரை சரிந்து திரும்புவதால் குதிரைகள் சுவரில் மோதிய வரலாறு நெடியது. இப்போது அந்தச் சுவர் முழுவதும் தடித்த மெத்தைகள். தூய பந்தய இனக் குதிரைகளை விலக்கி, எலும்பு உறுதி மிகுந்த கலப்பினங்களை மட்டும் ஓடவிடுகிறார்கள். மருத்துவர்கள் முன்கூட்டியே சோதிக்கிறார்கள். இதையெல்லாம் அறிந்த பின்னும் ஒரு குதிரை அந்த வளைவில் கால் வழுக்கிச் சமாளித்து நின்றபோது என் வயிறு கலங்கியது. இந்த மக்கள் குதிரையை நேசிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நேசம் குதிரைக்குப் போதுமா என்பதில் மனம் இன்னும் சமாதானமாகவில்லை.

இரவு ஒன்பதரைக்குத் தெருவே உணவுக்கூடமாயிற்று. நீண்ட மேசைகள், வெள்ளைத்தாள் விரிப்புகள், சிற்சில நூறு பேர். வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்ததால் ஆளுக்கு 55 யூரோ கட்டி, மேசையின் கடைசியில் எங்களுக்கு இரண்டு இடம் கிடைத்தது. பரிமாறியவர்கள் அனைவரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. என் தட்டில் ஈரல் தடவிய ரொட்டி வந்தபோது, எதிரில் இருந்த பெண்மணி ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு, தம் தட்டிலிருந்த தக்காளி ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார். சவாரி செய்யும் வீரர் தலைவர்களின் மேசையில் இருந்தார். இவர்களில் பெரும்பாலோர் சியெனாக்காரர்கள் அல்லர்; சார்தீனியா தீவிலிருந்து வருகிறவர்கள் பலர். கூலிக்குச் சவாரி செய்பவர் என்பதால் அவரை எவ்வளவு கொண்டாடுகிறார்களோ அவ்வளவு சந்தேகிக்கவும் செய்கிறார்கள். பகையாளி விலைபேசிவிடாமல் எப்போதும் இருவர் கூடவே இருக்கிறார்கள். அவர் எழுந்து நான்கு வரி பேசினார். சத்தியம் எதுவும் செய்யவில்லை. தெரு முழுவதும் எழுந்து நின்று பாடியது; பாடும்போது எதிரிலிருந்த பெண்மணியின் கணவர் என் தோளில் கைபோட்டுக்கொண்டார். எனக்குச் சொற்கள் தெரியவில்லை. மெட்டை மட்டும் முணுமுணுத்தேன்.

கடைசியில் பான்ஃபோர்த்தே வந்தது. பாதாம், தேன், உலர்ந்த பழங்கள், இலவங்கப்பட்டை, கொத்தமல்லி விதை, மிளகு சேர்த்துச் செய்யும் கெட்டியான பலகாரம். இடைக்காலத்தில் மருந்துக்கடைக்காரர்களே இதைச் செய்து விற்றார்கள், ஏனெனில் வாசனைச் சரக்கு அவர்களிடம்தான் இருந்தது. நம் மேற்குக் கடற்கரையின் மிளகு கடல் கடந்து, கைமாறிக் கைமாறி, இந்த மலையூர் வரை வந்திருக்கிறது. ஒரு துண்டை வாயில் வைத்ததும் அந்தக் காரம் மெல்லத் தொண்டையில் இறங்கியது.

ஜூலை 2: கொடி

பாலியோ நாள். காலை ஏழே முக்காலுக்கு, மாஞ்ஜா கோபுரத்தின் அடியில் இருக்கும் சிறு மண்டபத்தில் பேராயர் வீரர்களுக்காகப் பூசை செய்தார். 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கட்டிய மண்டபம் அது. வானம் காலையிலேயே வெளிறியிருந்தது. காற்று அசையவில்லை.

சதுக்கத்தின் நடுவில் நின்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பல மணி நேரம் நிற்க வேண்டும், நிழலும் கழிப்பறையும் கிடையாது. சதுக்கத்தின் வாயில்களை ஒவ்வொன்றாக மூடிவிடுவார்கள். கடைசியாக மூடுவது எங்கள் தெருவின் முனையில் இருக்கும் வாயில். ஆகவே அவசரப்படாமல், மூன்று மணிக்குக் குதிரையை ஆசீர்வதிக்கும் சடங்கைக் காண, தெருக்கோடியிலுள்ள கோயிலின் வெளியே நின்றோம். குதிரையைக் கோயிலுக்கு உள்ளேயே அழைத்துச் சென்று, பாதிரியார் அதன் மேல் புனித நீரைத் தெளித்து, "போ, வெற்றியோடு திரும்பி வா" என்று உரக்கச் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே நான் முக்கியமாகக் காத்திருந்தேன்.

இரண்டரை மணிக்கு முதல் துளி விழுந்தது. நூல்போலத் தொடங்கி, சற்று நேரத்தில் கயிறுபோல இறங்கியது. வெள்ளையும் நீலமுமான பட்டு உடைகளில் தயாராக இருந்த கொடிவீச்சு இளைஞர்கள், கொடிகளை மார்போடு சுருட்டிக்கொண்டு திண்ணை ஓரங்களில் ஒதுங்கினார்கள். கல் தெருவில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. அப்போது சதுக்கத்தின் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்து ஏதோ சொன்னார். கூட்டம் முழுவதும் அந்தத் திசையில் நகர்ந்தது. நாங்களும் நனைந்தபடி ஓடினோம்.

நகர மாளிகையின் மேல்மாடிச் சன்னலில் பச்சைக்கொடி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு உடம்பே சிலிர்த்தது.

"பச்சைக்கொடி காட்டிட்டாங்கப்பா, மழையானாலும் நடத்தப் போறாங்க!" என்று மருமகனின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

அவன் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இல்ல மாமா. பச்சைன்னா இங்க ஒத்திவச்சாச்சுன்னு அர்த்தமாம். மண்ணு சேறாயிட்டா குதிரை கால் ஒடிஞ்சிடும். நாளைக்குத்தானாம்."

நாளைக்கு எனக்கு விசா முடிகிறது. ரோமிலிருந்து நாளை மாலையே விமானம். அதற்குச் சியெனாவிலிருந்து காலைப் பேருந்து. பயணச்சீட்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் எவ்வளவு செலவானாலும் மாற்றியிருப்பேன்; விசாவை யாரிடம் போய்க் கேட்பது? ஓராண்டாகச் சேர்த்த பணம், ஓராண்டாகப் படித்த செய்திகள், எல்லாம் அந்தச் சன்னலில் நனைந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வந்ததை மழை மறைத்தது.

என்னைச் சுற்றி நின்ற சியெனாக்காரர்கள் ஒருவரும் முறையிடவில்லை. யாரையும் திட்டவில்லை. ஓர் இளைஞன் வானத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். நடுச்சதுக்கத்தில் இடம் பிடிக்க முன்னதாகவே வந்திருந்த வெளியூர்ப் பயணிகள்தான் பணத்தைப் பற்றிப் பேசினார்கள்; சன்னல் இருக்கைக்கு நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, கொன்ட்ராடாவினர் தொழுவத்தின் முன்னே கூடி, மண் காய எத்தனை மணி நேரம் ஆகும், இரவில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் எனக்குத் துவட்டத் துண்டு கொடுத்தார். நான் நாளைக் காலையே போக வேண்டும் என்பதை மருமகன் சொன்னதும், சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குதிரைக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு" என்றார். எனக்கு ஆறுதலாக அவர் வேறெதுவும் சொல்லவில்லை. காகிதப் பொட்டலத்தில் ரிச்சரெல்லி ஆறு எடுத்துவந்து கையில் வைத்தார். பாதாமும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்த, மேலே மாவுபோல வெண்சர்க்கரை தூவிய அந்தப் பலகாரத்தில், முட்டை உண்டு என்பதையும் மறவாமல் சொன்னார்.

இரவு பதினொரு மணிக்குத் தனியாகக் காம்போவுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மண்ணின் மேல் நடக்கக் கூடாது என்று காவலர் கைகாட்டினார். விளிம்பில் நின்று பார்த்தேன். பகலில் மஞ்சளாக இருந்த மண் விளக்கொளியில் கருப்பாக மின்னியது. மாநகராட்சிப் பணியாளர்கள் பள்ளங்களில் தேங்கிய நீரை அகற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், எந்த வேலையும் இல்லாத முதியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வெவ்வேறு நிறக் கழுத்துத்துணிகளோடு, ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே மண்ணைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஜூலை 3: விடியற்காலை

பேருந்து ஆறே காலுக்கு. ஐந்தரைக்கு மருமகனும் நானும் கீழே இறங்கினோம். தெரு உலரத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மாளை எழுப்ப வேண்டாமென்று சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தோம், கதவைச் சாத்தும்போது சமையலறை விளக்கு எரிந்தது, அவர் எழுந்துதான் இருந்தார், கையசைத்தார்.

தெருவில் மனித நடமாட்டம் இல்லை. தொழுவத்தின் வாசலில் பார்பரெஸ்கோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே வைக்கோல் வாசனையும், குதிரை கால் மாற்றி நிற்கும் ஓசையும் கேட்டன. இன்னும் இருபதடி இருக்கும்போதே நான் நின்று, பெட்டியின் இழுபிடியை உள்ளே தள்ளி, பக்கவாட்டுப் பிடியைப் பற்றி இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டேன். 21 கிலோ. மருமகன் வாங்கிக்கொள்ள வந்தான். அவன் கையிலும் ஒரு பெட்டி இருந்ததால் வேண்டாமென்று தலையாட்டினேன். மூச்சு வாங்காமல், செருப்பு உரசாமல், அந்த வாசலைக் கடந்தோம்.

பார்பரெஸ்கோ எங்களைப் பார்த்தார். வலது கையை மார்பில் வைத்துத் தலையசைத்தார். தெரு திரும்பும்வரை நான் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை.